சோழிக்குள் இருந்த உயிர்

பலகறை, சோழி, சோவி என்று தமிழ்நாட்டு வீடுகளில் புழங்கும் பொருள் ஒரு சிறு கடல் நத்தையின் ஓடு. உயிரியலார் இந்த நத்தையை மோனிடேரியா மோனிடா என்கிறார்கள். 1758-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டிய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், காசோடு தொடர்புடைய லத்தீன் சொல்லையே எடுத்து வைத்தார். அவர் காலத்தில் வங்காளத்துச் சந்தைகளிலும் மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களிலும் இந்த ஓடு காசாகவே கைமாறிக்கொண்டிருந்தது. வளர்ந்த சோழி பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மாலத்தீவில் கிடைக்கும் சின்னச் சோழியின் எடை சராசரியாக ஒரு கிராமைக் கொஞ்சம் தாண்டும். செங்கடலிலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் தொடங்கி மாலத்தீவு, இலட்சத்தீவு, இலங்கை, மன்னார் வளைகுடா, அந்தமான் என்று பரவி, பசிபிக் பெருங்கடலின் ஹவாய்த் தீவுகளையும் தாண்டிக் கலாபகசுத் தீவுகள் வரை இந்த ஒரே இனம் வாழ்கிறது.

தமிழ்நாட்டில் இதன் வாழிடத்தைப் புரிந்துகொள்ள மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள கீழவைப்பார் நல்ல இடம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து சாத்தூர் வழியாக வரும் வைப்பாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடந்து, மழைக்காலத்தில் மட்டும் தண்ணீரோடு இங்கே கடலைத் தொடுகிறது. பக்கத்து ஊரின் பெயர் சிப்பிகுளம். பரதவரின் ஏழு பழைய கடற்துறைகளில் வேம்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு ஆகியவற்றோடு வைப்பாறும் ஒன்று. இக்கடலில் முத்துக் குளித்தார்கள், சங்கு குளித்தார்கள். கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்ததும் இதே கரையில், வேப்பலோடையில்தான். முத்துக்கும் சங்குக்கும் கிடைத்த கவனம் சோழிக்கு இங்கே ஒருநாளும் கிடைத்ததில்லை. ஆனால் மூன்றும் ஒரே கடலடியைப் பங்கிட்டுக்கொள்ளும் உயிர்கள். சங்கு மணலில் பாதி புதைந்து புழுக்களைத் தேடும். முத்துச்சிப்பி பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டின் மேல் நூல் விட்டுப் பற்றிக்கொண்டு கிடக்கும். சோழி முருகைக்கல் எனப்படும் பவளக்கல்லின் அடியில் ஒளிந்திருக்கும்.

கீழவைப்பாருக்கு வெளியே உள்ள கடலில் மணலும் பாரும் மாறிமாறி வருகின்றன. தெற்கே தூத்துக்குடிக் குழுமத்துத் தீவுகளான வான், காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி. வடக்கே வேம்பாறுக் குழுமத்தின் உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணி. இவற்றில் விலாங்குசல்லி நீருக்குள் மூழ்கிவிட்டது. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை மேடுகள் உள்ளன. அலையில் உடைந்து விழுந்த பவளக் கிளைகளும் செத்த முருகைக்கல்லும் ஆழமற்ற நீரில் குவிந்து கிடக்கின்றன. அந்தக் கற்களின் அடிப்புறம், அவற்றுக்கிடையே உள்ள பொந்து, பாசி படர்ந்த பாறை இடுக்கு, இவைதான் சோழியின் வீடு. பாருக்கு அருகே விரித்த நண்டு வலையையும் சிங்கி வலையையும் கரையில் வைத்துக் கழிக்கும்போது, பாசியோடும் கல்லோடும் சில சோழிகளும் உதிர்வது உண்டு.

சோழி இரவில் இயங்கும் உயிர். பகலில் கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். இருட்டிய பிறகு வெளியே வந்து, பாறை மேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும். சுரண்டுவதற்கு அதன் வாய்க்குள் ராடுலா என்ற அராவு நாக்கு இருக்கிறது. நாடாப் போன்ற அந்த உறுப்பில் வரிசைக்கு ஏழு பற்களாக, நுண்ணிய பற்கள் நெடுகிலும் அடுக்கப்பட்டிருக்கின்றன. முன்பல் தேயத் தேயப் பின்னாலிருந்து புதுப் பல் நகர்ந்து வரும். தலையில் இரண்டு உணர்கொம்புகள், அவற்றின் அடியில் கண்கள், முன்னால் தண்ணீரை உள்ளிழுக்கும் ஒரு குட்டைக் குழல். அந்தக் குழல்வழி வரும் நீரைச் சோதித்துத்தான் இரையையும் பகையையும் அது அறிகிறது.

உயிருள்ள சோழியை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு அதை அடையாளம் தெரியாது. காரணம், ஓடு வெளியே தெரியாது. நத்தைகளுக்கெல்லாம் ஓட்டைச் சுரக்கும் ஒரு மெல்லிய சதைப் படலம் உண்டு. அதற்கு மேன்டில் என்று பெயர். பெரும்பாலான நத்தைகளில் அது ஓட்டின் உள்ளேயே இருந்துவிடும். சோழியில் அது வாய்ப்பிளவின் இரு பக்கமும் வெளியே வந்து, ஓட்டின் வெளிப்புறத்தில் ஏறி, முதுகில் ஒன்றையொன்று சந்திக்கும். அதன்மேல் சிறுசிறு முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். கருமையும் பழுப்புமாகக் கோடுகள் ஓடும் அந்தப் போர்வை, பாசி படிந்த கல்லோடு கலந்துவிடுகிறது. விரலால் தொட்டால் இரண்டு மடலும் சரசரவென்று உள்ளே வழுக்கிப் போக, அதுவரை பாசியாகத் தெரிந்த இடத்தில் மஞ்சள் நிறத்தில் பளபளக்கும் ஓடு வெளிப்படும்.

சோழியின் பளபளப்புக்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது. ஒரு சங்கின் வெளிப்புறம் உயிரோடிருக்கும்போதே கரடுமுரடாக, பழுப்புத் தோல் மூடி, கொட்டலசும் குழாய்ப்புழுவும் ஒட்டிக் கிடக்கும். கடலில் ஓர் அங்குலப் பரப்பு வெறுமையாகக் கிடைத்தால் அதில் வந்து குடியேற ஆயிரம் உயிர்கள் காத்திருக்கின்றன. சோழியின் முதுகு அப்படி வெறுமையாகக் கிடப்பதே இல்லை. மேன்டில் அதை மூடியே வைத்திருக்கிறது. மூடியிருக்கும் நேரமெல்லாம் புதுப் படலத்தைப் பூசிக்கொண்டும் இருக்கிறது. கீறல் விழுந்தால் அதன் மேல் பூச்சு ஏறும். இதற்கு யாரும் மெருகு போடுவதில்லை. கடலிலிருந்து எடுத்த கணத்திலேயே அது அப்படித்தான் இருக்கிறது.

ஒரு சோழியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால் இந்த வாழ்க்கை முழுவதும் அதில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். முதுகில் மெல்லிய, வெளிறிய ஒரு கோடு ஓடும். மேன்டிலின் இரு மடல்களும் சந்தித்த இடம் அது. முதுகின் நிறம் மஞ்சள், அல்லது மஞ்சள் கலந்த வெண்மை. சிலவற்றில் குறுக்கே மங்கலான சாம்பல் பட்டைகள் தெரியும். பின்பக்கத்தில் நான்கைந்து புடைப்புகள் இருப்பதால் ஓடு முழு முட்டை வடிவமாக இல்லாமல் மூலை தட்டியிருக்கும். புரட்டினால் அடிப்பகுதி தட்டை, வெள்ளை, கனம். நடுவே நீளவாக்கில் ஒரு குறுகிய பிளவு. பிளவின் இரு விளிம்பிலும் தடித்த பற்கள், பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு. இவை கடிப்பதற்கான பற்கள் இல்லை. வாயிலைக் குறுக்குவதற்கு ஓட்டிலேயே எழுந்த மேடுகள்.

குட்டிச் சோழி இந்த உருவத்தில் இருப்பதில்லை. இளமையில் ஓடு காகிதம்போல் மெலிந்தது, வாய் அகலம், ஒரு முனையில் சுருள் மேலே துருத்திக்கொண்டு தெரியும். சாதாரண நத்தைகளைப் போலவே சுற்றிச் சுற்றி வளரும் இந்தக் கட்டத்தில் இதைக் கரையில் கண்டெடுப்பவர்கள் வேறேதோ இனம் என்றே நினைப்பார்கள். குறிப்பிட்ட பருவம் வந்ததும் வளர்ச்சியின் போக்கு அடியோடு மாறுகிறது. வெளி உதடு உள்நோக்கி மடங்குகிறது. வாய் குறுகிப் பிளவாகிறது. விளிம்பில் பற்கள் முளைக்கின்றன. சுருள் முனை பூச்சுக்குள் புதைந்து மறைகிறது. அதன் பிறகு சோழி நீளத்தில் வளரவே முடியாது; தடிப்பு மட்டுமே கூடும். சங்கும் பல நத்தைகளும் வாழ்நாளெல்லாம் பெரிதாகிக்கொண்டே போகும்போது, சோழி ஓரளவில் தன் கட்டடத்தை முடித்துக் கதவைச் சாத்திவிடுகிறது. எந்த அளவில் சாத்துகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். அதனால் முழுவளர்ச்சி அடைந்த சோழிகளிலேயே ஒரு தீவில் சின்னதும் இன்னொரு கடலில் அதைப்போல இருமடங்கும் உண்டு. மாலத்தீவுச் சோழி சின்னது. இந்தச் சிறுமை பின்னால் உலக வணிகத்தில் பெரிய விஷயமாக ஆனது.

ஓட்டின் பொருள் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லும் முத்தும் கோழிமுட்டை ஓடும் அதே பொருள்தான். வேறுபாடு அடுக்கும் முறையில் இருக்கிறது. முத்துச்சிப்பியின் உட்புறத்திலும் முத்திலும் அரகோனைட் என்ற படிகவடிவம் தட்டையான நுண்தகடுகளாக அடுக்கப்படுகிறது. ஒவ்வொரு தகட்டின் தடிப்பும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஒளியின் அலைநீளத்துக்கு நெருங்கிய அளவு அது. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்துதான் முத்துக்கு அதன் நீரோட்டம் வருகிறது. சோழியிலும் அதே அரகோனைட்தான். ஆனால் தகடாக இல்லாமல் நுண்ணிய இழைகளாக இருக்கிறது. இழைகள் சேர்ந்து பட்டைகளாகின்றன. ஒரு பட்டையில் ஒரு திசையில் ஓடும் இழைகள் அடுத்த பட்டையில் அதற்குக் குறுக்காக ஓடுகின்றன. தச்சர்கள் வாங்கும் ஒட்டுப்பலகையில் மரநார் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டப்பட்டிருப்பது எதற்காகவோ, இதுவும் அதற்காகத்தான். ஓர் இடத்தில் விழுந்த விரிசல் நேராக ஓட முடியாமல் பட்டைக்குப் பட்டை திசைமாறி வலுவிழந்து நின்றுவிடுகிறது. இழைகளுக்கு இடையே மிகக் கொஞ்சமாகப் புரதம் இருந்து அவற்றைப் பிடித்துவைக்கிறது. இந்த அமைப்பில் வானவில் நிறங்கள் தோன்றுவதில்லை. பீங்கான் போன்ற ஒரே சீரான மெருகு மட்டும் இருக்கும். அழகில் முத்து முந்தினாலும், அடி தாங்கும் சிக்கனமான கட்டுமானம் என்ற வகையில் சோழியின் ஓடு பெரும் சாதனை.

அந்த வலிமை அதற்குத் தேவையாகவும் இருக்கிறது. வளர்ந்த சோழிக்கு வாயை அடைக்கும் மூடி கிடையாது. சங்குக்கும் பல நத்தைகளுக்கும் பாதத்தின் பின்னால் ஒரு தடித்த மூடி இருக்கும். உள்ளே இழுத்துக்கொண்டால் வாசல் அடைபடும். சோழி அதை இழந்து, வாசலையே இடுக்காக்கிக்கொண்டது. நத்தையைத் தின்னும் நண்டு வழக்கமாக வாயின் உதட்டில் கொடுக்கைக் கொடுத்துத் துண்டு துண்டாக உடைத்துக்கொண்டே உள்ளே போகும். சோழியில் கொடுக்கு நுழைய இடமில்லை; மடங்கித் தடித்த உதட்டை உடைப்பதும் எளிதில்லை. வழுவழுப்பான உருண்டை முதுகைப் பிடித்து நெரிக்கப் போனால் வழுக்கும். இருந்தும் பகைவர்கள் குறைவில்லை. கணவாய் இனத்தைச் சேர்ந்த எட்டுக்கால் பேய்க்கணவாய் பொறுமையாக வேலை செய்து உள்ளிருப்பதை எடுத்துவிடும். சில கூம்புச் சங்குகள் நஞ்சு ஊசியால் குத்திச் செயலிழக்கச் செய்து தின்னும். வலுத்த தாடை கொண்ட மீன்கள் ஓட்டோடு நொறுக்கும். எல்லோரையும்விட இளஞ்சோழிகளுக்கே ஆபத்து அதிகம். ஓடு தடிக்கும்வரை அவற்றுக்கு ஒளிவிடம்தான் பாதுகாப்பு.

சோழியில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் கல்லின் அடிப்புறத்தில் முட்டைப் பைகளைக் கொத்தாக ஒட்டிவைத்து, பாதத்தால் அவற்றை மூடியபடி மேலேயே உட்கார்ந்திருக்கும். குஞ்சு வெளிவரும்வரை அந்த இடத்தை விட்டு நகராது. நத்தைகளில் இவ்வளவு அக்கறை அரிது. வெளிவரும் வெலிஜர் என்ற லார்வா கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. மயிரிழைகள் விளிம்பிட்ட இரண்டு மடல்களை அசைத்துத் தண்ணீரில் மிதந்து, நீரோட்டம் கொண்டுபோகும் திசையெல்லாம் போகும். ஒரே இனம் செங்கடலிலிருந்து பசிபிக் வரை பரவியிருப்பதற்கு இந்த மிதவைப் பருவமே காரணம். இறங்குவதற்கு ஏற்ற கல் கிடைக்கும் இடத்தில் அது அடியில் இறங்கி நத்தையாக மாறும். கிடைக்காதவை கடலோடு போகும்.

மன்னார் வளைகுடாவில் இதன் உறவினங்கள் பல உண்டு. நெருங்கிய உறவு மோனிடேரியா அனுலஸ் என்ற பொன்வளையச் சோழி. இதன் முதுகில் பொன்னிற வளையம் ஒன்று தெளிவாக இருக்கும். மூலைப் புடைப்புகள் இருக்காது. ஓடு சீரான முட்டை வடிவம். உள்ளங்கையை நிறைக்கும் புள்ளி போட்ட புலிச்சோழியும், எழுத்துப்போல் கோடுகள் ஓடும் அரபிச்சோழியும் இதே குடும்பம்தான். கரையில் ஒதுங்கும் சோழியில் இனம் காண்பது கொஞ்சம் கடினம். உயிர் போனதும் மேன்டிலும் போய்விடுகிறது; பூச்சுப்போடுபவர் இல்லை. மணலில் உருண்டு மேற்பூச்சு தேய்ந்ததும் அடியில் இருக்கும் ஊதா நிறம் வெளியே வரும். இன்னும் தேய்ந்தால், வெயிலும் சேர்ந்து, முழு வெள்ளையாகும். வாடைக்காற்றுக் காலத்து அலை அள்ளிப்போட்ட குப்பையில் கிடைப்பவை பெரும்பாலும் இந்த ஊதாவும் வெள்ளையும்தான்.

இந்த ஓடு காசானதற்கு அதன் உயிரியலே காரணம். எல்லாச் சோழிகளும் குறிப்பிட்ட அளவில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்வதால் ஓரிடத்துச் சோழிகள் ஏறத்தாழ ஒரே அளவு. எண்ணலாம், எண்ணாமல் நிறுத்தோ அளந்தோ கணக்கிடலாம். உடையாது, துருப்பிடிக்காது, பூச்சி அரிக்காது. கையில் எடுத்தால் போலி எது என்று குழந்தைக்கும் தெரியும். மண்ணிலோ மரத்திலோ அந்த மெருகைச் செய்ய முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிடைக்கும் இடத்தில் ஏராளம், மற்ற இடங்களில் அரிது. சீனாவின் ஆன்யாங்கில் ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஃபூ ஹாவ் என்ற அரசியின் கல்லறையில் 6,800-க்கும் மேற்பட்ட சோழிகள் இருந்தன. அவை வெப்பக் கடல்களிலிருந்து நெடுந்தூரம் பயணம் செய்து அங்கே போய்ச் சேர்ந்தவை.

இந்தியப் பெருங்கடலின் சோழிச் சுரங்கம் மாலத்தீவுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள், அவற்றுக்கிடையே இடுப்பளவு நீர் நிற்கும் எண்ணற்ற காயல்கள், எங்கும் முருகைக்கல். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை திட்டுத்திட்டாகவே இருக்கிறது; ஆகவே சோழி உண்டு, குவியல் இல்லை. மாலத்தீவில் குவியல் இருந்தது. முதலாம் ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி அவன் வென்றவற்றுள் ஒன்றாகச் சொல்லும் பழந்தீவுகளை மாலத்தீவு என்றே வரலாற்றறிஞர் பலர் கொள்கிறார்கள். தென்னையும் கயிறும் சோழியும் தந்த தீவுகள் அவை. தூத்துக்குடித் தோணிகள் பின்னாளில் பாய் விரித்துப் போய்வந்ததும் அந்தத் தீவுகளுக்குத்தான்.

1343-இல் அங்கே போய்ச் சேர்ந்து, நீதிபதியாகவும் இருந்த பயணி இப்னு பதூதா சோழி எடுக்கும் முறையை எழுதியிருக்கிறார். கடலிலிருந்து எடுத்த சோழிகளைக் கரையில் குழி தோண்டிப் போடுவார்கள். சதை அழுகி வெள்ளை ஓடு மட்டும் மிஞ்சும். வங்காளத்துக் கப்பல்கள் அரிசி கொண்டுவந்து கொடுத்துச் சோழி ஏற்றிப்போகும். தீவில் ஒரு தங்கத் தினாருக்கு 4 லட்சம் சோழி. அதே மனிதர் சில ஆண்டுகள் கழித்து, சகாராப் பாலைவனத்தைக் கடந்து மாலி அரசுக்குப் போனபோது அங்கே சந்தையில் அதே சோழியைக் கண்டார். அங்கே ஒரு தினாருக்கு 1,150 சோழி. இரண்டு விலைகளுக்கும் நடுவே இருந்த கடலும் பாலையும்தான் அந்த லாபம்.

1602-இல் கப்பல் உடைந்து மாலத்தீவில் சிக்கி, 1607 வரை அங்கே இருந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார் இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறார். அமாவாசைக்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று நாள், பௌர்ணமிக்கும் அவ்வாறே. பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கிச் சோழி பொறுக்குவார்கள். நிலவின் இந்த இரு நாள்களையொட்டியே கடல் மிக அதிகமாக வற்றும். மற்ற நாள்களில் நீருக்குள் இருக்கும் கற்கள் அப்போது கைக்கு எட்டும். பொறுக்கியவை தென்னோலைப் பெட்டிகளில் பெட்டிக்கு 12,000 வீதம் அடைக்கப்பட்டுக் கப்பலேறின. ஆண்டுக்கு 30, 40 கப்பல்கள் சோழி மட்டும் ஏற்றி வங்காளம் போனதைத் தான் கண்டதாகப் பிரார் எழுதினார்.

வங்காளத்தில் கணக்கு முறை தெளிவாக இருந்தது. 4 சோழி ஒரு கண்டா, 20 கண்டா ஒரு பண், 16 பண் ஒரு காஹன், 4 காஹன் ஒரு ரூபாய். ஆக ரூபாய்க்கு 5,120 சோழி. ஒரு ரூபாய் வெள்ளிக்காசு பன்னிரண்டு கிராமுக்கும் குறைவு. அதற்கு ஈடான சோழி ஆறு கிலோ அளவுக்கு வரும். ஆனாலும் ஒரு கைப்பிடிக் கீரை வாங்க ரூபாய் உதவாது, நாலு சோழி உதவும். ஏழைகளின் அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்குச் சோழியைவிடச் சின்னக் காசு எந்த அரசனும் அடித்ததில்லை. 1778-இல் சில்ஹெட்டுக்குப் போன கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராபர்ட் லிண்ட்சே, அந்த மாவட்டத்தின் வரி இரண்டரை லட்ச ரூபாயும் சோழியாகவே வசூலாவதைக் கண்டு திகைத்தார். கணக்கிட்டால் 128 கோடிச் சோழி, சுமார் 1,400 டன். அவற்றைக் கிடங்கில் குவித்து, படகுக் கூட்டம் கட்டி டாக்காவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஒடிசாவில் கம்பெனி சோழியை ஏற்க மறுத்து வெள்ளியில் வரி கேட்டபோது குடியானவர்கள் நொடிந்துபோனார்கள். 1817-இன் பைக்கர் கிளர்ச்சிக்குச் சொல்லப்படும் காரணங்களில் அதுவும் ஒன்று.

சோழியின் வரலாற்றில் மிகக் கொடிய பக்கம் அட்லாண்டிக் கரையில் இருக்கிறது. டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் இலங்கையிலும் வங்காளத்திலும் சோழி வாங்கி, கப்பலின் அடிப்பாரமாகப் போட்டு ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அது மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், மனிதர்களை அடிமைகளாக வாங்கக் கொடுக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் மட்டும் இப்படி இறங்கிய சோழிகள் ஆயிரம் கோடி அளவில் இருக்கும் என்று பொருளாதார வரலாற்றறிஞர்கள் ஹோகண்டார்ன், ஜான்சன் இருவரும் கணக்கிட்டிருக்கிறார்கள். மாலத்தீவுப் பெண்கள் அமாவாசை நீரில் பொறுக்கிய நத்தை, அவர்கள் கேள்விப்பட்டேயிராத ஒரு கரையில் மனிதருக்கு விலையாக எண்ணப்பட்டது. 1845 முதல் ஜெர்மன் வணிகர்கள் சான்சிபார்க் கரையில் மலிவாகக் கிடைத்த பொன்வளையச் சோழியைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அது பருமனிலும் எடையிலும் கூடியது, எண்ணிக்கையோ அடங்காதது. அரிதாக இருந்ததால் காசாக இருந்த பொருள் அரிதாக இல்லாமல் போனது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சோழிப் பணம் மதிப்பிழந்து சரிந்தது.

தமிழ்நாட்டில் சோழி வேறு வழிகளில் வாழ்ந்தது. பல்லாங்குழிக் குழிகளில் புளியங்கொட்டையோடு மாற்றாகப் புழங்கியது. தாயம் ஆடும்போது கையில் குலுக்கிப் போட்டு, வாய் மேலே பார்க்க விழுந்தவற்றை எண்ணினார்கள். தட்டையும் கனமுமான அடிப்பக்கம் ஒருபுறம், உருண்டை முதுகு மறுபுறம் என்பதால் சோழி நாணயம்போல் சமவாய்ப்பில் விழுவதில்லை. சோழிக்குச் சோழி சாய்வும் மாறும். தன் வீட்டுச் சோழிகளின் குணத்தை ஆடி ஆடி அறிந்த பாட்டிமார்கள் ஜெயிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மாட்டின் கழுத்துப் பட்டையிலும் குழந்தையின் அரைஞாணிலும் கோக்க, முதுகைத் தட்டி உடைத்துத் துளையிட்டார்கள். ஓட்டின் மெல்லிய பகுதி அதுதான். சித்த மருத்துவர்கள் பலகறையைச் சுத்தி செய்து புடமிட்டுப் பற்பமாக்குகிறார்கள். கடும் சூட்டில் கால்சியம் கார்பனேட்டிலிருந்து கரியமில வாயு வெளியேற, இழையும் பட்டையுமாக நத்தை கட்டிய அமைப்பு குலைந்து வெண்பொடி மிஞ்சுகிறது.

இன்று மன்னார் வளைகுடாவில் சோழியின் நிலை முருகைக்கல்லின் நிலையைப் பொறுத்தது. பல பத்தாண்டுகள் தூத்துக்குடித் தீவுகளைச் சுற்றிய பவளப்பாறையைப் பெயர்த்துப் படகேற்றிச் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் கொடுத்தார்கள். 2001-இல் பவளங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கல்லெடுப்பு ஓய்ந்தது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல்நீர் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் கரைந்துவந்த வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைக் கட்டமைப்புகளை இறக்க வேண்டிய நிலை வந்தது. தள்ளுமடியும் இழுவைமடியும் கடலடியை வழித்துப் போகும் இடங்களில் கல் புரள்கிறது; கல்லின் அடியில் ஒட்டியிருந்த முட்டை வெளிச்சத்துக்கு வந்து மீனுக்கு இரையாகிறது.

21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலும் 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989-இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமானது. பூங்கா எல்லைக்குள் உயிரோடு இருக்கும் எதையும் எடுக்கக் கூடாது, சோழி உட்பட. எல்லைக்கு வெளியே, கீழவைப்பார் போன்ற கரைகளில், காப்பாற்றுவது மக்களின் கையில்தான் இருக்கிறது. நீர் வற்றிய நாளில் கல்லைப் புரட்டிப் பார்க்கும் மாணவரும் ஆய்வாளரும், பார்த்த பிறகு அதை எடுத்த வாக்கிலேயே திருப்பி வைக்க வேண்டும். புரண்டபடி விட்ட கல்லின் அடியில் இருந்தவை வெயிலில் செத்துப்போகும். கரையில் கிடக்கும் ஊதாவும் வெள்ளையுமான சோழிகூடப் பயனற்றதில்லை. துறவி நண்டுகளுக்கு அதுவும் வீடாகிறது.

கடற்கரைக் கடைகளில் சோழி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். தானாகச் செத்து அலையில் உருண்ட ஓட்டுக்கு மெருகு நிற்காது. கண்ணாடிபோல் பளபளக்கும் சோழி என்றால், மேன்டில் அதன் மேல் இருக்கும்போதே, அதாவது உயிரோடு இருக்கும்போதே, அதை எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அதை வாங்காமல் விடுவது, கல்லுக்கு அடியில் முட்டை காத்து உட்கார்ந்திருக்கும் ஒரு நத்தைக்கு நாம் செய்யக்கூடிய உதவி.